இடக்கை வீரரின் வலது கை

என் வீட்டுக்காரர் வலதுகைக்காரர். சாப்பிடுவது, எழுதுவது, பதில் தெரியாதபோது தலையைச் சொறிவது, எல்லாமே வலது கையால்தான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாடு முழுக்க அவரை இடதுகைக்காரர் என்றே நம்புகிறது. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் அவருக்குப் பெயரே ‘இடக்கை வீரர்’. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரவுண்டானாவில் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, அதில் வட்டமாக ஒரு கண்ணிவெடியைப் பிடித்தபடி ஓடுகிறார். அந்தக் கண்ணிவெடி காக்கைகளுக்கு உட்கார ரொம்ப சௌகரியமாக இருக்கிறது.

போர் முடிந்த பிறகு அவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலைக்குப் போனார். இருபத்தெட்டு வருடம் வீட்டுக்கு வீடு நின்று வலது கையால்தான் எழுதினார். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. "அது எழுதற கை, இது வெடி போடற கை" என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். பேர் வாங்கும் வரைதான் கஷ்டம், அதற்குப் பிறகு மிச்சத்தை ஊரே பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் ஒரு புகைப்படத்தால் வந்தது. நாற்பத்தொரு வருடத்துக்கு முன் எல்லைப் போரில் எடுத்தது. பின்னால் நாலு கால் வைத்த ஒரு தண்ணீர்த் தொட்டி, முன்னால் வெறும் தரை. ஏழு சிப்பாய்கள் இடமிருந்து வலமாக ஓடுகிறார்கள். எல்லோருடைய வாயும் ஆவென்று திறந்திருக்கிறது. முதல் ஆளாக என் வீட்டுக்காரர். துப்பாக்கி முதுகில் கிடக்க, தூக்கிய இடது கையில் வட்டமாக ஏதோ ஒன்று கலங்கலாகத் தெரிகிறது. படம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைப் பற்றி மட்டும் தடித்தடியாக மூன்று புத்தகங்கள் வந்திருக்கின்றன. நிலைகுலைந்த உலகத்தைக் கேமரா உணர்ந்துகொண்டதாம். படத்துக்குப் பெயர் ‘முன்னேற்றம்’.

எடுத்தவர் பத்திரிகைப் புகைப்படக்காரரான என் அண்ணன். அண்ணன் வாயைத் திறந்தால் பாதி புளுகு. முதல் வருடம் அவர் காதோரமாக ஒரு குண்டு போனது. பத்தாவது வருடம் நாலு போயின. இப்போதெல்லாம் அவர் சொல்லும் கதையில் குண்டுகளுக்கு நடுவே காற்றுப் போகக்கூட இடம் கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாயால் எவ்வளவு அளந்தாலும் கேமராவால் அவர் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. யாரையும் ‘கொஞ்சம் இப்படி நில்லுங்க’ என்று சொல்லிப் படம் எடுக்கமாட்டார். கல்யாண வீடுகளில் இதனாலேயே அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அண்ணன் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். தினமும் காலை டீக்கு இறங்கி வருவார். வந்ததும் ஆரம்பிக்கும்.

"மாப்ள, அன்னிக்கு நான் கிளிக் பண்ணலன்னா நீ யாரு? தண்ணி மீட்டர் பார்க்கிற ஆளு."

"நான் ஓடலன்னா நீங்க வெறும் தரையைத்தான் எடுத்திருப்பீங்க மச்சான்."

இரண்டு பேரும் ஒரே படத்தில் நாற்பத்தொரு வருடமாகக் குடித்தனம் நடத்தினார்கள். அந்தப் படம் திருப்பிப் போட்ட படம் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் திருப்பினது நான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பத்திரிகை ஆபீசில் இருட்டறை வேலை. ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, ஈரம் காய்வதற்குள் பக்கம் அமைப்பவரிடம் கொடுக்க வேண்டும். பக்கம் அமைப்பவரை நாங்கள் ‘ஸ்கேல்’ என்று கூப்பிடுவோம். இரும்பு ஸ்கேல் இல்லாமல் அவர் கழிப்பறைக்குக்கூடப் போனதில்லை. அவருக்கு ஒரு சட்டம் உண்டு. படத்தில் இருக்கிறவர் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் வாசகனும் அவர் பின்னாலேயே வெளியே போய்விடுவானாம். பக்கத்தின் இடது ஓரத்தில் படம் வந்தால் முகம் வலது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் நெகட்டிவைப் புரட்டி வைத்து பிரிண்ட் போடச் சொல்லிவிடுவார். அரை நிமிட வேலை. அந்தக் காலத்தில் நாங்கள் இதைத் தப்பென்றே நினைக்கவில்லை. ஒருமுறை ஒரு மந்திரியின் தலை வகிடு இடம் மாறி, அவர் மனைவி ஃபோன் போட்டு ஆபீசையே ஒரு பிடி பிடித்தார். அதற்கும் ஸ்கேல் அசரவில்லை. "வகிடு எங்க இருந்தா என்ன, பார்வை உள்ள இருக்குதா பாரு" என்றார்.

அண்ணனின் ரோல் ராணுவ ஜீப்பில் வந்தது. முப்பத்தாறு படங்களில் கடைசிப் படம் அது. எடுத்த தேதியும் ‘காலை’ என்ற ஒரு வார்த்தையும் தவிர உறைமேல் ஒன்றும் எழுதவில்லை. ஈரமாகவே தூக்கிப் பார்த்தேன். ஏழு பேரும் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேல் எட்டிப் பார்த்தார்.

"இடது ஓரத்துல மூணு பத்தி இடம் ஒதுக்கி வச்சிருக்கேன். இப்படியே போட்டா ஏழு பேரும் பேப்பரை விட்டு வெளிய ஓடிடுவாங்க. திருப்பும்மா."

திருப்பினேன். மறுநாள் காலை ஏழு வீரர்களும் தலைப்புச் செய்தியை நோக்கிப் பாய்ந்தார்கள். அந்த வாரமே உலகம் பூராவும் பாய்ந்தார்கள். பத்து நாள் கழித்து எங்கள் பத்திரிகையிலேயே போர்க்கள வரைபடம் ஒன்று வந்தது. தண்ணீர்த் தொட்டி வடக்கே, எதிரி கிழக்கே என்று போட்டிருந்தது. இருட்டறையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன், பக்கத்தில் என் பிரிண்ட்டையும் எடுத்து வைத்தேன். தொட்டி பின்னால் இருக்கிறது என்றால் படத்தில் வலது பக்கம்தான் கிழக்கு. என் பிரிண்ட்டில் அவர்கள் எதிரியை நோக்கி ஓடுகிறார்கள். நெகட்டிவில் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஸ்கேலிடம் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தார். "ஜெயிச்சாச்சு இல்ல, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றார். அதன் பிறகு ஆபீஸ் வேறு கட்டிடத்துக்கு மாறியபோது பழைய நெகட்டிவ்களை மூட்டை மூட்டையாக வெளியே போட்டார்கள். அந்த ஒன்றை மட்டும் எடுத்து வந்து தையல் மெஷின் டிராயரில், பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். தொலைந்துபோய்விட்டது என்று அண்ணன் நாலு நாள் புலம்பினார். நான் வாயே திறக்கவில்லை.

போர் முடிந்து மூன்று மாதத்தில், படத்தில் முதலில் ஓடின சிப்பாயே ஆபீசுக்கு வந்தார். இருட்டறைக் கதவைத் தட்டி, அந்தப் படத்தில் ஒரு காப்பி வேண்டும் என்று கேட்டார். காப்பி வாங்க நாலு தடவை வந்தார். அடுத்த வருடம் கல்யாணம்.

பயந்து ஓடியவரைத்தான் கட்டிக்கொள்கிறோம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். எதற்குமே பயப்படாத ஆட்களை எனக்குப் பிடிக்காது, அவர்கள் வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் பயந்துகொண்டே இருக்க வேண்டும். இவரிடம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் நொந்துபோவார் என்று நினைத்தேன். வீட்டில் எல்லாக் கதவுக்கும் ரப்பர் ஒட்டினேன், படார் என்று அடிக்கக் கூடாது. குக்கர் விசில் வரப்போகிறது என்றால் ஓடிப்போய்ச் சமையலறைக் கதவைச் சாத்துவேன். நாற்பது வருடம் விசிலையும் வெக்கையையும் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அருங்காட்சியகம் வந்து நுழைந்தது. அண்ணன் பெயரில் ஒரு அறை திறக்கப்போகிறார்கள். அதில் ‘முன்னேற்றம்’ சுவர் அளவுக்குப் பெரிதாக வரும். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. எழுபத்தெட்டு வயதில் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் மூன்று பேரையும் வரச் சொல்லி அருங்காட்சியகக் காப்பாளர் ஃபோன் செய்தார். குரலில் சர்க்கரையே இல்லை.

அவர் அறையில் ஒரு பெண் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பழைய போர்ப் படங்களில் எது நிஜம், எது ஏற்பாடு செய்தது என்று கண்டுபிடிக்கும் நிபுணராம். முகத்தில் கெட்ட எண்ணமே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நான் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தேன் சார்" என்றாள் அண்ணனிடம். "தொட்டி இன்னும் இருக்கு. அதுக்குத் தெற்கே நின்னு, வடக்கே பார்த்து எடுத்திருக்கீங்க. படத்துல வலது பக்கம் கிழக்கு. எதிரியும் கிழக்கே. இவங்களும் கிழக்கே ஓடுறாங்க. இதுவரைக்கும் சரி."

"சரிதான்" என்றார் அண்ணன் பெருமையாக.

"ஆனா நிழலும் கிழக்கேதான் விழுது. அப்ப சூரியன் மேற்கே இருக்கணும். அது சாயங்காலம். அன்னிக்கு மதியமே படை முன்னேறி, அந்த இடத்தை விட்டுப் போயிடுச்சு. சாயங்காலம் அங்க சண்டையே இல்ல. எல்லாம் முடிஞ்ச பிறகு ஏழு பேரைக் கூட்டிட்டு வந்து ஓட வச்சு எடுத்த படம் மாதிரி இருக்கு சார்."

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. முடிவு மட்டும் தப்பு. சரியான விடை என் வீட்டுப் பட்டன் டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

"காலையிலதான் எடுத்தேன்" என்றார் அண்ணன்.

"எப்படி சார் அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன். பிறகு வழக்கம்போல் குண்டுகளை அவிழ்த்துவிட்டார். இடது பக்கம் இத்தனை, வலது பக்கம் இத்தனை. நிபுணர் பொறுமையாகக் குறித்துக்கொண்டாள். அவர் எவ்வளவுக்கெவ்வளவு பேசினாரோ அவ்வளவுக்கவ்வளவு பொய்யர் மாதிரி ஆகிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் வாயைப் பொத்தவேண்டும் போல இருந்தது.

காப்பாளர் கடைசியில் சொன்னார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். நெகட்டிவோ வேற ஏதாவது ஆதாரமோ கிடைச்சா கொண்டு வாங்க. இல்லன்னா படத்துக்குக் கீழ ‘நடிக்கப்பட்ட காட்சி’ன்னு போடவேண்டி வரும். அறைக்கு உங்க பேரும் வைக்க முடியாது."

"நெகட்டிவ் தொலைஞ்சு போச்சு" என்றார் அண்ணன். நான் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், நெகட்டிவ் அதில் இல்லாவிட்டாலும்.

அடுத்த மூன்று நாள் அண்ணன் டீக்கு இறங்கி வரவில்லை. தையல் கடையிலிருந்து வந்த சட்டை கவரோடு நாற்காலியில் கிடந்தது. எதிர்வீட்டு டீச்சர் படியில் பார்த்து, விழாவில் எந்தக் கதை சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "கதை ஒண்ணும் இல்லம்மா, ஒரு போட்டோ எடுத்தேன், அவ்வளவுதான்" என்றாராம். டீச்சர் வந்து என்னிடம் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. அண்ணன் குண்டே இல்லாமல் பேசினார் என்றால் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று அர்த்தம். ஆயிரம் புளுகு புளுகிய மனிதர், செய்யாத ஒரே ஒரு பொய்க்காகத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பொய்யைச் செய்தவள் கீழ்வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

நெகட்டிவைக் கொடுத்தால் அண்ணன் தப்பித்துவிடுவார். என் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார். நாளைக்குப் பாடப்புத்தகத்தில் என்ன போடுவார்கள்? முதுகு காட்டிய வீரர் என்றா? கொடுக்காவிட்டால் இவர் மட்டும் என்ன, சாயங்காலம் நடித்துக் காட்டிய வீரர் ஆகிவிடுவார். கூடப்பிறந்தவரா, கட்டிக்கொண்டவரா என்று மூன்று நாளாக மனசுக்குள் இழுபறி. ஸ்கேலை மட்டும் இடைவிடாமல் திட்டினேன். அவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருடமாகிறது, எதற்கும் பதில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு நெகட்டிவை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து நின்றார். ஒளிப்பதற்கு நேரமில்லை.

"என்ன அது?"

சரி, வருவது வரட்டும் என்று உட்காரச் சொன்னேன். "என்னங்க, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீங்க எந்தப் பக்கம் ஓடினீங்க?"

"மேற்கே" என்றார்.

"எதிரி?"

"கிழக்கே."

"எனக்கு அது அன்னிலேர்ந்தே தெரியும். படத்தைத் திருப்பிப் போட்டது நான்தான். இதுதான் அந்த நெகட்டிவ்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் ‘சரி’ என்று தலையாட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மனிதருக்கு விஷயம் முழுசாக உறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பயந்து ஓடினா என்ன, அது ஒண்ணும் குத்தம் இல்ல" என்றேன் மெதுவாக. நாற்பது வருடமாக மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த வாக்கியம்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பயமா? பசிம்மா."

"என்ன பசி?"

"மூணு நாளா சாப்பாடு வரல. ரோடு உடைஞ்சு போச்சு. அன்னிக்குக் காலைல சண்டை கொஞ்சம் ஓய்ஞ்சிருந்துச்சு. அப்ப பின்னாடி சாப்பாட்டு லாரி வந்து நின்னு ஹாரன் அடிச்சான். சூடா சோறு. வாசனை பதுங்குகுழி வரைக்கும் வந்துச்சு. அதான் ஓடினோம். சாப்பிட்டுட்டுத்தான் மதியம் முன்னேறிப் போனோம்."

"கையில கண்ணிவெடி?"

"தட்டு."

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து விசில் வரத் தொடங்கியது. பழக்கத்தில் கதவைச் சாத்த எழுந்தேன்.

"ஏன் எப்பப் பார்த்தாலும் அந்தக் கதவைச் சாத்தற?" என்றார். "விசில் சத்தம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? அந்த லாரி ஹாரன் மாதிரியே இருக்கும். நீதான் கேக்கவே விடமாட்டேங்கற."

எனக்கு நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது. நாற்பது வருடம் இவர்மேல் நான் பட்ட இரக்கம், ஒட்டின ரப்பர், தின்ற வெக்கை எல்லாம் வீண். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"மச்சான்தான் சொல்லாதேன்னார். ‘தங்கச்சி உன்னை ஹீரோன்னு நெனச்சுக் கட்டிக்கிட்டா, தட்டுன்னு சொல்லி மனசை உடைக்காதே’ன்னார்."

"அண்ணனுக்கும் தெரியுமா?"

"அவர்தான் எங்களுக்கு முன்னாடியே லாரிகிட்ட நின்னுட்டிருந்தாரே. ஒரு கையில ரொம்பின தட்டு, இன்னொரு கையில கேமரா. ஒத்தைக் கையால எடுத்தா படம் சாயாம என்ன செய்யும்?"

மூன்று தடித்த புத்தகங்களும் என் கண்முன் வந்து போயின. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோபம் இன்னும் மிச்சமிருந்தது.

"நாளைக்கு இதைக் கொடுத்தா ஊரெல்லாம் சொல்லும், சாப்பாட்டுக்கு ஓடினவர்னு."

"சொல்லட்டும். மச்சான் அங்க தனியா உட்கார்ந்திருக்காரு பாரு, அது நல்லா இல்ல. முதல்ல அவருக்குப் போய் டீ குடு."

வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனோம். அண்ணன் புதுச் சட்டையைப் போடமாட்டேன் என்றார், நான் மிரட்டிப் போட வைத்தேன். நெகட்டிவை மேஜைமேல் வைத்தவுடன் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நாற்பது வருடம் எங்கே இருந்தது என்று கேட்டார். தையல் மெஷினில் என்றேன். இரண்டு நிமிடம் என்னை முறைத்தார். அந்த முறைப்பில் பழைய அண்ணன் கொஞ்சம் திரும்பி வந்திருந்தார்.

நிபுணர் நெகட்டிவை விளக்கு மேஜையில் வைத்து லென்ஸால் குனிந்து பார்த்தாள்.

"ஓரத்துல முப்பத்தாறுன்னு நம்பர் இருக்கும்" என்றேன். "நம்பர் நேராத் தெரியற மாதிரி வைம்மா. நம்பர் நேரா இருந்தா படமும் நேர்."

புரட்டி வைத்தாள். ஏழு பேரும் இடது பக்கம் திரும்பி ஓடினார்கள். நிழலும் அவர்களோடு திரும்பிக்கொண்டது. அவள் வாய்க்குள்ளேயே வடக்கு, மேற்கு என்று எண்ணுவது கேட்டது. பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"காலை" என்றாள். "சூரியன் கிழக்கே. ஏழு, ஏழரை மணி. மூணு மாசமா நிழலை அளந்தேன், ஒரு தடவைகூடத் திருப்பி வச்சுப் பார்க்கலையே." அண்ணன் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிடுங்க சார். படம் நிஜம்."

அண்ணன் கண் கலங்கியது. என்ன பேசுவது என்று தெரியாமல் இருக்கும் அண்ணனை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"ஆனா இப்ப மேற்கே இல்ல ஓடுறாங்க" என்றார் காப்பாளர். அவருக்குப் பெரிய கவலை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் லாரியைப் பற்றிச் சொன்னார். தட்டைப் பற்றிச் சொன்னார். காப்பாளர் ரவுண்டானாச் சிலையை நினைத்திருப்பார் போல, கண்ணை மூடிக்கொண்டார்.

நிபுணர் மட்டும் படத்தைத் திரையில் பெரிதாக்கி, முகம் முகமாகப் பார்த்தாள். "அப்ப இது போர் முழக்கம் இல்லையா?"

"சிரிப்பும்மா" என்றார் என் வீட்டுக்காரர். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இவன் குட்டை. முதல்ல வாசனை பிடிச்சவன் இவன்தான். இவனை வாத்தியார்னு கூப்பிடுவோம், ஓடும்போதும் வரிசை வரிசைன்னு கத்திக்கிட்டே வர்றான் பாரு. இவன் தட்டை மறந்துட்டு வந்தான், தொப்பியில வாங்கிச் சாப்பிட்டான்." ஒவ்வொரு முகத்தையும் விரலால் தொட்டார். "இதுல நாலு பேர் அந்த வாரமே போயிட்டாங்க. ஆனா அன்னிக்கு நல்லா சாப்பிட்டாங்க. குட்டை ரெண்டு தடவை வாங்கினான்."

எத்தனை ஆயிரம் தடவை பார்த்த படம். நானே கழுவி, நானே பிரிண்ட் போட்டது. அவர்கள் சிரிக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ‘முன்னேற்றம்’ என்று கீழே எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஆவேசமாகவே தெரிந்திருக்கிறது, எனக்கும்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் காப்பாளரே ஒரு காகிதத்தை எடுத்து, கீழே என்ன போடலாம் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எழுதினார். ‘மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு சாப்பாட்டு லாரியைக் கண்டு ஓடும் வீரர்கள். காலை.’

"மேல என் பேர் இருக்கும்ல?" என்றார் அண்ணன். குரல் திரும்பிவிட்டது. "இன்னொண்ணும் சேர்த்துக்குங்க. லாரிகிட்டயும் குண்டு விழுந்துக்கிட்டுதான் இருந்துச்சு."

"மச்சான், அது கரண்டிச் சத்தம்" என்றார் என் வீட்டுக்காரர்.

நிபுணர் அறிக்கையைத் திருத்த ஆரம்பித்திருந்தாள். "பிரிண்ட் போட்டவர் செஞ்ச தவறு, பேர் தெரியவில்லைன்னு போட்டுக்கறேன்" என்றாள் என்னைப் பார்க்காமல். நல்ல பெண். ஆனால் எனக்கு அந்த உதவி வேண்டியிருக்கவில்லை.

"பேர் தெரியும். எழுதிக்கோ" என்றேன். என் முழுப் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை மூடிவிட்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் புரியல சார். தட்டு உங்க வலது கையில இருந்துச்சு. பேப்பர்ல பார்த்த அன்னிக்கே படம் திருப்பியிருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. நாற்பத்தொரு வருஷமா ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எந்தக் கை என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்டால், "ஓடற அவசரத்துல யாருக்கு ஞாபகம்" என்று சிரித்து மழுப்புவார். நானும் அதையே நம்பினேன்.

அவர் வலது கையால் தலையைச் சொறிந்தார்.

"சொல்லத்தான் போனேன். லீவு கிடைச்ச உடனே பேப்பரை மடிச்சு எடுத்துக்கிட்டு ஆபீசுக்கே போனேன். யார்யா என்னை இடது கையா ஆக்கினதுன்னு சண்டை போடலாம்னு. இருட்டறையில கேளுங்கன்னாங்க. கதவைத் தட்டினேன். இவ திறந்தா."

எனக்கு ஞாபகம் இருக்கிறது. கழுவுகிற தண்ணீர் சொட்டச் சொட்டக் கதவைப் பாதி திறந்தேன். சீருடை போட்ட ஒருத்தர், கையில் மடித்த பேப்பர். அது எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை. "வெளிச்சம் உள்ள வருது, வர்றதுன்னா வாங்க, இல்லன்னா போங்க" என்று எரிந்து விழுந்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "என்ன வேணும்?" என்றேன். அவர் அந்தப் பேப்பரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "ஒரு காப்பி வேணும்" என்றார்.

"திருப்பினது இவதான்னு அங்கேயே தெரிஞ்சு போச்சு" என்றார் நிபுணரிடம். "சொன்னா இவளுக்கு வேலை போயிருக்குமே. அதான் இடது கையாவே இருந்துட்டேன்."

நாற்பது வருடமாக அவர் ரகசியத்தை நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் காப்பாற்றியது என்னுடையதை. அந்த அறையில் எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்காதபடி குனிந்து, கைப்பையில் எதையோ தேடுவது போலத் தேடினேன். அண்ணன் பார்த்துவிட்டார். பார்த்தும் கிண்டல் பண்ணாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே படியில் இறங்கும்போது கேட்டேன். "அந்தப் பேப்பரை என்ன பண்ணீங்க?"

"வச்சிருக்கேன். புகார் இன்னும் குடுக்கலையே."

வீட்டுக்கு வந்ததும் குக்கரை ஏற்றினேன். சமையலறைக் கதவைச் சாத்தவில்லை.